தாய்ப்பால் வற்றிய ஒன்பது குட்டிகளைப் பார்க்கப் போன நாள்

எங்கள் வீட்டுத் தாய்ப்பன்றி குட்டி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூன்றாவது வாரமே குட்டிகளைப் பிரித்துவிட்டால் தாய் சீக்கிரம் அடுத்த சினைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். அப்படி வளர்க்கிற யாரையாவது முதலில் பார்த்துவிடலாம் என்றுதான் கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் விருத்தாசலம் கிளம்பினேன்.

விழுப்புரத்தில் காலை 7.20 ரயில். விருத்தாசலத்தில் இறங்கி, பெண்ணாடம் போகிற தனியார் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர், பத்து ரூபாய். பத்து மணிக்கு, குட்டிகளைச் சீக்கிரமே பிரித்து வளர்க்கிறார் என்று கேள்விப்பட்ட ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அக்காவும் அவர் கணவர் சவரிமுத்துவும் ஆறு பன்றி வளர்க்கிறார்கள்.

"செருப்ப அங்கயே வுட்டுட்டு இந்த பூட்ஸ மாட்டிக்கம்மா. உன் வூட்டுல பன்னி இருக்குதில்ல? அங்கத்த நோவு இங்க வரக்கூடாது" என்றார் அக்கா. காலையும் கையையும் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார்.

அக்கா குட்டிகளை விரும்பிப் பிரிக்கவில்லை. தாய்க்கு மடிநோய் வந்து பால் வற்றிவிட்டது. அப்போது குட்டிகளுக்குப் பத்தொன்பது நாள். "வந்த வெலைக்கு குடுத்துடலாம்னு சொன்னேன். இவ கேக்கல" என்று சிரித்தார் சவரிமுத்து.

குட்டிகளுக்காகத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கழிவு கீழே விழுகிற மாதிரி இடைவெளி விட்டு மரப்பலகை அடித்திருந்தார்கள். காற்று அடிக்காமல் சுற்றிலும் சாக்கு. மூலையில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் வைக்கோலும் மேலே ஒரு குண்டு பல்பும். பரவிப் படுத்தால் சூடு சரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர் என்று அர்த்தமாம்.

தீவனத் தட்டுகள் எல்லாம் விருத்தாசலத்துச் செராமிக் கம்பெனியில் ஓரம் உடைந்ததென்று கழித்த பீங்கான் தட்டுகள். கனம் என்பதால் குட்டிகளால் கவிழ்க்க முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பால் பவுடர், அதில் வறுத்த மக்காச்சோள மாவு கொஞ்சம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சமாக. மீந்ததை உடனே எடுத்துக் கழுவிவிடுகிறார். புளித்தால் கழிச்சல் வரும், கழிச்சல் வந்தால் குட்டி தங்காது.

ஒரு மணி வாக்கில் மழை பிடித்துக்கொண்டது. அரைமணியில் கரண்டும் போனது. பல்பு அணைந்ததும் குட்டிகள் கீச்சிட்டுக்கொண்டு ஒரே குவியலாக ஏறின.

"ஏங்க, அடியில இருக்கறது நசுங்கிடும், சுடுதண்ணி வைங்க!" என்று அக்கா கத்தினார். சவரிமுத்து அடுப்பு மூட்ட, நான் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். அக்கா குவியலைப் பிரித்துப் பாட்டில்களை நடுநடுவே செருகினார். அடியிலிருந்து வந்த சின்னக் குட்டி துவண்டு கிடந்தது. அதை என் துப்பட்டாவில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அதன் இதயம் அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. அக்கா விரலைப் பாலில் தோய்த்து அதன் உதட்டில் வைத்தபடியே இருந்தார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு மெதுவாக வெளியே வந்து விரலைச் சப்பியது.

"குடிக்குதுங்க" என்றார் அக்கா. விற்றுவிடலாம் என்ற சவரிமுத்துதான் அடுத்த வேளைப் பாலைக் கலக்க ஓடினார். மூன்றே முக்காலுக்குக் கரண்டு வந்தது. ஒன்பதும் பரவிப் படுத்தன.

போகிறவர்களுக்கு: முன்னால் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போங்கள், அவர்கள் சொல்கிற மாதிரி கழுவுங்கள். ஸ்டேஷனுக்குத் திரும்ப ஆட்டோ இருநூறு ரூபாய். சீக்கிரம் பிரிக்கிற எண்ணம் இருந்தால், கரண்டு போனால் என்ன செய்வீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

புறப்படும்போது, என் குட்டிகளை எப்போது பிரிக்கலாம் என்று அக்காவிடம் கேட்டேன்.

"உன்னுதுக்கு பால் இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"அப்பறம் ஏம்மா?"

வீட்டுக்கு வந்து குளித்து உடை மாற்றிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பத்துக் குட்டியும் தாயின் மடியில் முட்டிக்கொண்டிருந்தன. இரண்டு மாதமாவது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.