பச்சை நம்பர் நாற்பத்தேழு

“இன்னும் ஒரு கட்டம் குறையுது,” என்று சொல்லிவிட்டு ஜெயவேலு நெல் இலையிலிருந்து அட்டையை எடுத்தார். மறுகையால் தோளில் தொங்கிய சாக்குக்குள் துழாவி, ஒரு பிடி யூரியாவை அள்ளி வீசினார்.

வரப்பில் நின்ற பாட்சா தலையில் கை வைத்துக்கொண்டார். சிங்கப்பெருமாள் கோவிலில் உரக்கடை வைத்திருப்பவர். தான் விற்ற மூட்டையைப் பிரிக்காதே என்று கெஞ்சும் வியாபாரி அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

“அண்ணா, அது இன்னா அட்டை?”

“எங்க கடை ஷேடு கார்டு.”

வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்தது வேறு. இலையோடு ஒப்பிட்டுப் பார்க்க அதில் நாலே நாலு பச்சை இருந்தது. இலை வெளுத்திருந்தால் மட்டும் யூரியா போடச் சொன்னார்கள். ஜெயவேலுவுக்கு அந்த அட்டையைப் பார்த்தாலே பாவமாக இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் பதினெட்டு வருடமாகப் பெயிண்ட் கடை நடத்துகிறவர். அவரிடம் பச்சை மட்டுமே அறுபத்திரண்டு. அதில் நாற்பத்தேழாம் நம்பர்தான் அவருக்கு உயிர். ஒரு கல்யாண மண்டபத்துக்கே அதை அடிக்க வைத்தவர்.

“செவுத்துக்கு அடிக்கிற மாதிரி கோட்டிங் குடுத்துகினு கீறியே அண்ணா! பயிர் கொழுத்துடும், தண்டு நிக்காது. பொட்டாஷ் போடு.”

“போட்டா இன்னா கலர் வரும்?”

“கலர்லாம் வராது. தண்டு கெட்டியாவும்.”

“கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் எதுக்குக் குனியணும்?”

பாட்சா விடவில்லை. மறுவாரம் ஒரு மூட்டை பொட்டாஷை இறக்கி வைத்துவிட்டுப் போனார். செங்கல்தூள் நிறம். ஜெயவேலு அதை மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால், சாலையிலிருந்து தெரியாத நாலு பாத்தியில் இறைத்து ஒழித்தார். அங்கே பார்க்க ஆளில்லை என்பதால் கூடுதல் யூரியாவும் போடவில்லை.

அந்த ஒரு ஏக்கர்தான் மிச்சம். மற்ற நிலமெல்லாம் வாடகை வீடுகளாகிவிட்டது. இதையும் கிடங்கு கட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பத்திரம் மனைவி தையல்நாயகி பேரில்.

“முப்பது மூட்டை எடுத்துக் காட்டுய்யா, கிடங்குப் பேச்சே எடுக்க மாட்டேன். ஒண்ணு கொறஞ்சாலும் கையெழுத்துப் போட்டுடுவேன்,” என்று சொல்லியிருந்தாள்.

பயிர் நாற்பத்தேழைத் தொட்டது. போகிறவர்கள் பைக்கை நிறுத்திப் படம் எடுத்தார்கள். நாவலூரிலிருந்து கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று கேமராக்காரரோடு வந்து வரப்பில் கைகோத்து நடந்தது. ஜெயவேலு மாப்பிள்ளையிடம் கடையின் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார்.

கதிர் முற்றுகிற சமயத்தில் ஒரு மாலை அரை மணி நேரம் காற்றோடு மழை. விட்டதும் ஜெயவேலுவும் தையல்நாயகியும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார்கள். வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி பயிர் படுத்துக் கிடந்தது. கதிர்கள் தண்ணீருக்குள். பழுக்க வேண்டிய நாளிலும் தாள் நாற்பத்தேழாகவே இருந்தது.

“கலர் மட்டும் போவலய்யா,” என்றாள் தையல்நாயகி.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனாள். நாலு பாத்தி நெல் விறைப்பாக நின்றிருந்தது. கதிர்கள் மஞ்சளாகத் தலை தொங்கியிருந்தன.

“இது இன்னா நம்பரு?”

“இதுக்குப் பாக்கல,” என்றார் ஜெயவேலு.

மறுநாள் ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தார். முதலில் வந்தவர் படுக்கையறைக்குப் பச்சை கேட்டார். ஜெயவேலு சந்தன நிறத்தைக் காட்டினார். பதினொரு மணிக்குத் தையல்நாயகி போன் செய்தாள். கிடங்குக்காரர் டேப் பிடித்து அளந்துவிட்டாராம். ஷெட் வரைக்கும்தான் அளக்க விட்டாளாம். பின்னாலிருக்கிற நாலு பாத்தி விற்கிற பத்திரத்தில் வராது என்றாள். மதியம் பாட்சா வந்து காலி பொட்டாஷ் சாக்கைக் கேட்டார். ஜெயவேலு எடுத்துக் கொடுத்து, அடுத்த போகத்துக்குக் கால் மூட்டை போதும் என்றார். மூன்று மணிக்கு மேல் வியாபாரம் இல்லை.