அப்பாவின் வேட்டியும் அம்மாவின் பென்ஷனும்

"சர்க்கார் புண்ணியத்துல சாப்பிடுறீங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே பற்றிக்கொண்டு வரும். புண்ணியமாம், புண்ணியம்! அப்பா பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டையில் செத்தார். அதற்காக அம்மாவுக்கு ஒரு பென்ஷன். அதை வைத்துத்தான் நான் பூந்தமல்லியில் தங்கிப் படித்தேன்.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அம்மா மறுகல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. செய்துகொள்ளவில்லை என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் மணியக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். நடக்காத கல்யாணத்தை எப்படி நிரூபிப்பது? எங்கள் மேனாம்பேட்டு மணியக்காரருக்கு அது ரொம்பச் சுலபம். சாவடியில் உட்கார்ந்துகொண்டு அம்மாவை மேலும் கீழும் பார்ப்பார். அவ்வளவுதான் விசாரணை.

நான் லீவில் வந்திருந்தபோது அப்படித்தான் போய் நின்றோம். பெஞ்சில் சித்தப்பா முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணியின் நடத்தை சரியில்லை என்று ஆகிவிட்டால், பென்ஷன் என் பேருக்கு மாறி, என்னைப் பார்த்துக்கொள்பவர் என்று அவர் கைக்கு வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னாமே, நெத்தில பொட்டு, பச்சைச் சீலை! தாலி அறுத்தவ மாதிரியா கீறே? ஆவடி மேஸ்திரி ஒர்த்தனோட போய்க்கினு வந்துகினு கீறியாமே?" என்றார் மணியக்காரர்.

ஆவடியில் அப்போது பட்டாளத்துக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா அங்கே சித்தாள்.

"கல்லு சொமக்கறவ மேஸ்திரி கூடப் போவாம, கோயில் பூசாரி கூடவா போவா?" என்றாள் அம்மா. "வெள்ளைச் சீலை அந்தச் செம்மண்ல எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கல்யாணம் ஆச்சா இல்லியான்னுதானே சர்க்கார் கேக்குது? பொட்டப் பத்தி ஒண்ணும் கேக்கலியே!" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பொட்டச்சியப் படிக்க வெச்சா இப்டித்தான். போயி வெள்ளை கட்டிக்கினு வா. அப்பால கையெழுத்து."

கையெழுத்து இல்லையென்றால் பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லையென்றால் அடுத்த வாரம் நானும் ஆவடியில் கல் சுமக்க வேண்டியதுதான்.

வீட்டில் வெள்ளைச் சேலையே கிடையாது. அப்பா செத்தபோது போட்ட கோடித்துணியை அம்மா என்றைக்கோ எனக்கு உள்பாவாடையாகத் தைத்துவிட்டிருந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்தாள். கடைசி லீவில் வந்தபோது அவர் கட்டியிருந்தது. சேலைக்கு அது எங்கே பத்தும்? கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பொட்டை அழித்தாள்.

"வேணாம்மா! நான் கலெக்டருக்கு எழுதறேன்!" என்று கத்தினேன்.

"அவரு பதில் போடறதுக்குள்ள நீ கெழவியாயிடுவே. நட."

சாவடியில் அவளைப் பார்த்ததும் மணியக்காரரின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் லட்சணமா கீறே" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் ஒவ்வொருத்தரையாகப் பிடித்து ஏரியில் தள்ளலாம் போலிருக்கிறது. மணியக்காரர் பேனாவை மையில் தொட்டார். சித்தப்பா அதற்குள் துணியின் கரையைப் பார்த்துவிட்டார்.

"அது அண்ணாத்தே வேட்டி! செத்தவன் துணியச் சுத்திக்கினு வந்து நிக்கறியே, வெக்கமா இல்ல?"

அம்மா அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"ஆமா கொழுந்தனாரே, அவரு வேட்டிதான். உசிரக் குடுத்து சம்பாரிச்சது அவரு. நான் வந்தா நம்ப மாட்டேங்கறாங்க. அதான் அவரே வந்துகீறாரு."

பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை மேசையில் விழுந்தது. மணியக்காரர் தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அம்மா பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பச்சைச் சேலையைக் கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு, பாதி நாள் கூலியாவது கிடைக்கட்டும் என்று ஆவடிக்குக் கிளம்பினாள். "வேட்டியத் தொவைச்சி வை. அடுத்த தபாவும் அவருதான் போவணும்" என்றாள்.

துவைத்தேன். மணியக்காரரின் தலையை நினைத்துக்கொண்டு, கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துத் துவைத்தேன்.