குவைத் போனுக்கு ஒரு ஜெனரேட்டர்

போன மாதம் திருப்பதியில் எங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போயிருந்தோம். கடைக்காரர் எத்தனை லைட், எத்தனை ஃபேன், மோட்டார் உண்டா என்று என் கணவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். கடைசியில், "மேடம் ஏதாவது கேக்கணுமா?" என்றார். புதிய ஆட்களிடம் எனக்குப் பேச வராது. சத்தம் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் நான் கேட்ட அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயதில், ஆந்திர எல்லையில் பிச்சாட்டூர் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அந்த நாளில் எங்கள் ஊர்க்காரர்கள் ஜெனரேட்டரைக் கல்யாண ஊர்வலத்தில்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ இரண்டு குண்டு பல்பு, ஒரு ஃபேன், நைனா என்று நான் கூப்பிடும் அப்பா, நான். அம்மா குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். நைனா கரும்பு டிராக்டர் ஓட்டினார். விடியும் முன் சோறு வடித்து வைத்துவிட்டுப் போவார். பள்ளி விட்டு வந்து அதை நான் தனியாகச் சாப்பிடுவேன். யாரும் பேசாத வீட்டில் தட்டில் கை படும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும்.

அம்மா போன மறுவருடம் எங்களுக்கு போன் இணைப்பு வந்தது. அதே வாரம், குவைத்திலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மா ஒரு போன் கொடுத்தனுப்பினாள். ஒயர் இல்லாத போன். வெள்ளைப் பெட்டி ஒன்று சுவரில் கரண்ட்டோடு செருகியிருக்கும். பேசும் கருவியைத் தனியாக எடுத்துக்கொண்டு வாசல் வரை நடக்கலாம். ஊரே வந்து பார்த்தது. டெலிபோன் இலாகா கொடுத்த கறுப்புப் போனை நைனா உரச்சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். குவைத் போன் இருக்க அது எதற்கு?

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஓய்வு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடுவாள். அந்த வீட்டு நம்பரை எங்களுக்குத் தரக் கூடாது என்று அங்கே சொல்லியிருந்தார்களாம். அதனால் அவள்தான் கூப்பிட வேண்டும். நாங்கள் காத்திருக்க வேண்டும்.

அந்த மார்கழியில் கரண்ட் போகும் நேரத்தை மாற்றினார்கள். எங்கள் பக்கத்துக்கு நாலிலிருந்து ஆறு வரை. கரண்ட் போனால் வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்துவிடும். மணி அடிக்காது. அங்கே அவள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். ஆனாலும் ஐந்து மணிக்கு அதன் முன்னால் போய் உட்காருவேன். மூன்று வெள்ளிக்கிழமைகள் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கடிதம் வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து படித்துக் காட்டினார். தையோடு இரண்டு வருடம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், வருவதா இருப்பதா என்று சொல்ல வேண்டும், போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை, பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கட்டாயம் எடுங்கள், மறுநாள் நான் பதில் சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருந்தாள். நாங்கள் பதில் எழுதினால் அதற்குள் போய்ச் சேராது. மாமா கடிதத்தை மடித்தார். நைனா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"ஜெனரேட்டர் வாங்கிடலாம் மாமா," என்றார் மாமா. நைனாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் தெலுங்குக்காரர். முதல் கேள்வியே, "லோடு எந்த உந்தி அண்ணா?" என்றார். எவ்வளவு லோடு என்கிறார். நைனாவுக்கு லோடு என்றால் கரும்பு லோடு. நாள் முழுக்க அவர் வாயில் வருகிற வார்த்தை அது.

"லோடா? இது ஒண்ணுதாம்பா. பஸ்ஸு மேல போட்டுக்கினு போயிடுவோம், லாரிலாம் வாணாம்," என்றார்.

கடைக்காரர் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். பிறகு பாதி தமிழில், "அதில்ல அண்ணா, வீட்ல என்னென்ன ஓடணும்?" என்றார்.

"போனு."

"போனா? போனுக்கா ஜெனரேட்டரு?"

"குவைத் போனு," என்றார் மாமா, அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது போல.

கடையில் சிவப்பு நிறத்தில் சின்னதாக ஒன்று இருந்தது. கடைக்காரர் கயிற்றை இழுத்து ஓட விட்டுக் காட்டினார். தையல் மிஷின் அளவுக்குத்தான் சத்தம். மூலையில் இன்னொன்று, மண்ணெண்ணெயில் ஓடுவது, ஊர்வலங்களுக்குப் போய் வந்த பழசு. அதை ஓட விட்டதும் கடை அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"பாரு மாமா, இதான் பவரு. அது இன்னாது, கொசு கத்தறாப்ல," என்றார் மாமா.

"சின்னதே சாலு அண்ணா, போதும்," என்று கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். விற்க வேண்டியவனே வேண்டாம் என்றால் பெரியதில்தான் விஷயம் இருக்கிறது என்று நைனா முடிவு செய்தார். எனக்குச் சிவப்புதான் பிடித்திருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கரண்ட் போனது. கூட வந்த ஒயர் குட்டை. அதனால் போன் இருந்த ஜன்னலுக்கு வெளியிலேயே ஜெனரேட்டரை வைத்திருந்தோம். நைனா கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தார். பிடித்துக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் நைனா ஒரு பிடியை விரலால் அழுத்தியே இருக்க வேண்டியிருந்தது. விட்டால் நின்றுவிடும். மாமா அன்றைக்கு ஊரில் இல்லை.

"நீயே எடு. அம்மாவ வரச் சொல்லு. நைனா சொன்னாருன்னு சொல்லு," என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

ஐந்து மணிக்கு மணி அடித்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை. பெட்டியில் இன்னொரு விளக்கு மினுக்கியதைப் பார்த்துத்தான் எடுத்தேன். கருவியோடு வாசலுக்கு ஓடினேன். அங்கே கரகரவென்று ஆனது. திரும்பி ஓடி வந்தேன். "துன்னியா கண்ணு?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. "துன்னேம்மா," என்று கத்தினேன். அதற்குப் பிறகு அம்மாவின் குரல் இருந்தது, வார்த்தை இல்லை. நைனா ஜன்னலில் முகத்தை வைத்து, நிறுத்தட்டுமா என்று சைகை காட்டினார். நிறுத்தினால் போன் செத்துவிடும். வேண்டாம் என்று தலையாட்டினேன். குரல் நின்றது. ஏதோ கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது. கேட்கவில்லை என்று சொன்னால் வைத்துவிடுவாளோ என்று பயம். "சரிம்மா, சரிம்மா," என்று கத்தினேன். மறுபடி குரல். மறுபடி நின்றது. "சரிம்மா!" பிறகு, "வந்துடும்மா, நைனா சொன்னாரு," என்றேன். அதற்குள் லைன் போயிருந்தது.

"இன்னா சொல்லுச்சு?" என்றார் நைனா, கையெல்லாம் மண்ணெண்ணெய்.

"வருதாம்," என்றேன்.

நைனா வீட்டுக்கு வெள்ளை அடித்தார். தை முடிந்தது. மாசியில் கடிதம் வந்தது, இன்னும் இரண்டு வருடம் என்று. நான் வந்துடு என்று கத்தியது கேட்டும் வராமல் அம்மா என்னை ஏமாற்றிவிட்டாள் என்றே நினைத்தேன். அந்தக் கோடையில் லைன் பார்க்க வந்தவர் பரணில் சாக்குக்குள் இருந்த கறுப்புப் போனை எடுத்துப் பார்த்து, "இதுக்குக் கரண்ட்டே வேணாமே, லைன்லயே வந்துடுமே," என்றார். நைனா அன்றைக்கே அதை மாட்டச் சொன்னார். ஜெனரேட்டரை மாமா எங்கேயோ கொண்டுபோய் விட்டு வந்தார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கறுப்புப் போன் மணி அடித்தால் நான் எதிர்வீட்டுக்குப் போய்விடுவேன்.

அம்மா வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இளைத்திருந்தாள். நான் கிட்டே போகவில்லை, கதவோரம் நின்றேன். எதிர்வீட்டு அத்தைதான் கேட்டார். "ஏன்டி, பொண்ண இப்டி ஒண்டியா உட்டுட்டு இருந்துட்டியே, மனசு வந்துச்சா உனுக்கு?"

"நானா இருந்தேங்க்கா? இவளத்தான் கேட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டான்னு. சரிம்மான்னா. நெஜமா இருக்கட்டான்னு மறுபடியும் கேட்டேன். என்னமோ மிஷினு ஓடுது, அத்தினி சத்தத்துலயும் கத்திச் சொன்னா, சரின்னு. அப்பறந்தான் கையெழுத்துப் போட்டேன்."

சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை அம்மா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்னிடம் உத்தரவு கேட்டாள், நான் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்ற அளவுக்குத்தான் எனக்குப் புரிந்தது. வேண்டாம், வந்துடு என்று நான் சொல்வேன் என்ற நம்பிக்கையில்தான் அவள் இரண்டு தடவை கேட்டிருந்தாள் என்பது அன்றைக்குத் தெரியவில்லை.