கரிசலில் கட்டிய வீடு

சித்தூருக்குக் கிழக்கே நான் வாங்கிய மனையில், செப்டிக் டேங்குக்கு மண் ஒத்துவருமா என்று பார்க்கப் பொறியாளர் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினார். நனைந்த கரிசலின் வாசம் எழுந்ததும் எனக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது.

அப்பா அவசரத்தில் அஸ்திவாரத்துக்கு ஆழம் தோண்டாமல் எங்கள் வீட்டைக் கட்டியிருந்தார். முதல் கோடையிலேயே கரிசல் மண் சுருங்கிச் சுவர் பிளந்தது. பிளவில் நுழையும் வெயிலில் உட்காரவைத்து அம்மா எனக்குத் தலை பின்னுவாள். கூசி நிற்கும் அப்பாவிடம், "விடுங்க, அடுத்த ஊட்டை அடியில சரளைக் கல்லு வர்ற வரைக்கும் தோண்டிக் கட்டிக்கலாமுங்க" என்பாள்.

அப்பா பக்கத்திலேயே அப்படிக் கட்டினார். குடிபோகுமுன் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். நான் தினமும் பழைய வீட்டுக்கே ஓடினேன். தேடி வந்த அப்பா திட்டவில்லை. அவரும் என்னருகே உட்கார்ந்துகொண்டார்.

"தண்ணி இறங்கவே மாட்டேங்குதுங்க அக்கா. வேற இடம் பார்க்கலாமுங்களா?" என்றார் பொறியாளர்.

"இருங்க தம்பி, கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்று குழியருகே உட்கார்ந்தேன்.