கோசலா தேடிய இரண்டு பேர்

கோசலாவைப் பற்றி எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. ஆகவே எழுதுகிறேன், அவள் பிறகு என்னோடு கதைக்காவிட்டாலும் சரி.

சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாக நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. மணிக்கூட்டு முகப்புகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நான் நாளுக்கு ஒன்றிரண்டு கீறலைக் கோட்டைவிடுவேன். அவள் விடமாட்டாள். முப்பத்தொன்பது வயது. கல்யாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் இல்லை.

அவளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, தன் வயதுப் பெண் யாரைக் கண்டாலும், "தொண்ணூற்றைஞ்சில இடம்பெயரேக்க நீங்கள் எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்பாள். பந்தியில் இலை போடுமுன்னரே கேட்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். "உனக்கென்ன, சனத்தொகைக் கணக்கோ எடுக்கிறாய்?" என்று ஒருநாள் பகிடி பண்ணினேன். அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னாள்.

யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளியேறியபோது அவளுக்கு ஒன்பது வயது. தம்பி நிலனுக்கு மூன்று. மழையில் நடந்ததில் அவனுக்குக் காய்ச்சல் பிடித்தது. கொடிகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், நான்காம் நாள் காலை, அவன் எழும்பவில்லை. சுற்றிப் புதைக்க ஒரு வெள்ளைத் துணிகூட இல்லை. தாய் ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டுத் திரிந்தாள். கோசலா தன் பையைத் திறந்து வெள்ளைப் பள்ளிக்கூடச் சீருடையை எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் கெதியில் திறக்கும் என்று நம்பி அவள் கொண்டுவந்த ஒரே நல்ல உடுப்பு அது. அதில் சுற்றித்தான் நிலனைப் புதைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சுவிஸுக்கு வந்து, அகதி விசாரணையில் இதைச் சொன்னாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சீருடையில் தம்பியைச் சுற்றிய கதையை இதே சொற்களில் வேறு இரண்டு பெண்களும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே நம்ப முடியாது என்று முடிவில் எழுதியிருந்தது. போரைக் காரணம் காட்டித் தற்காலிக அனுமதிதான் கொடுத்தார்கள். ஒழுங்கான வதிவிட அனுமதி கிடைக்க ஒன்பது வருடம் எடுத்தது. அதற்குள் தாய் ஊரில் செத்துப்போனாள். செத்தவீட்டுக்குப் போக இவளால் முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். இவள் அதில் ஆறுதலைக் கண்டுபிடித்தாள். "என்னை மாதிரி இன்னும் ரெண்டு பிள்ளையள் இருக்கினம், தர்மிகா. அவையளும் குடுத்திருக்கினம். ஒருக்காக் கண்டால் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கலாம்" என்றாள். அதன்பிறகு கல்யாண வீடுகளில் நானும் சேர்ந்து கேட்கத் தொடங்கினேன்.

போன மாதம், ஞாயிறு பின்னேரம், எங்கள் நகரத்துத் திரைப்படக் கழகத்தில் ஒரு பழைய பிரெஞ்சுப் படம் போட்டார்கள். கறுப்பு வெள்ளை. போரில் தாய் தகப்பனை இழந்த ஒரு சிறுமியை யாரோ எடுத்து வளர்க்கிறார்கள். பெரியவர்கள் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்கள், பிறகு வெட்கமில்லாமல் மாறிவிடுகிறார்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கோசலா அசையவில்லை.

படம் முடிந்ததும் கழகத்தை நடத்தும் வயதான அம்மையார், சிறுவயதில் போரைக் கண்டவர்கள் இங்கே இருந்தால் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். முன்வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் எழுந்தாள். பிரபாலினி. முதியோர் இல்லத்தில் வேலை, இந்த ஊருக்குப் புதிதாக வந்தவள். பக்கத்தில் பதினான்கு வயது மகள் யாதவி. நல்ல பிரெஞ்சில், தடுமாறாமல் சொன்னாள்: இடப்பெயர்வு, மழை, பள்ளிக்கூட விறாந்தை, காய்ச்சலில் செத்த தம்பி, வெள்ளைச் சீருடை. சனம் அழுதது. மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோசலா என் தொடையில் அடித்தாள். "இவதான்! ஒராளைக் கண்டிட்டன்!" அவ்வளவு சந்தோசமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

தேநீர் கொடுக்கும் இடத்தில் பிரபாலினியை மறித்து, இரண்டு கையையும் பிடித்தாள். "நானும் குடுத்தனான், தங்கச்சி. என்ரை தம்பிக்கும் என்ரை சீருடைதான்."

பிரபாலினி பயந்துபோய்த் தலையை ஆட்டினாள். இவள் விடவில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எந்த விறாந்தை என்று அடுக்கினாள். பிரபாலினி எதையாவது சொல்லித் தப்ப நினைத்திருக்க வேண்டும். "எனக்கு ஒண்டும் பெரிசா ஞாபகம் இல்லை, அக்கா. பொக்கற்றுக்குள்ள பென்சில் இருந்தது. எடுக்க மறந்திட்டன். அவனோடையே போட்டுது."

கோசலா கையை விட்டுவிட்டாள்.

தன் சீருடைக்குள் போன அந்தப் பென்சிலைப் பற்றி அவள் தாய்க்கும் சொன்னதில்லை, விசாரணையிலும் சொன்னதில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இரண்டாயிரத்து மூன்றில், சமாதான காலத்தில் சுவிஸின் ஓல்டன் நகரத்திலிருந்து ஊருக்கு வந்து, அவர்கள் வீட்டில் நண்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, பதினேழு வயதுப் பெண்ணின் கதையைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுத இராஜேந்திரன் மாமாவிடம். தாயின் ஒன்றுவிட்ட தம்பி. புதிதாக வரும் ஆட்களுக்கு விசாரணையில் என்ன சொல்லவேண்டும் என்று 'கேஸ்' எழுதிக் கொடுப்பவர் என்று சுவிஸ் முழுக்கப் பெயரெடுத்த மனிதர்.

"ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டாள்.

பிரபாலினியின் கண் நிறைந்துவிட்டது. "இராஜேந்திரன் அண்ணை. எனக்குச் சொல்ல ஒரு கேஸும் இருக்கேல்லை, அக்கா. தம்பி கனடாவிலை சுகமா இருக்கிறான். மகளுக்கு இதொண்டும் தெரியாது. வெளியாலை வந்தால் எங்கடை அனுமதியையும் பறிச்சுப் போடுவாங்கள். உங்கடை காலைப் பிடிக்கிறன்."

கோசலா படிக்கட்டுக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். மாமாவின் குரல் வெளியே கேட்டது.

"அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பப் பாத்தவங்கள். நீ அப்ப ஊரிலை. நீ வருவாய் எண்டு நான் கண்டனானோ?"

"நான் வந்து, விசாரணைக்குப் போறதுக்கு முதல்நாள் உங்களுக்கு ரெலிபோன் எடுத்தனான், மாமா. 'உள்ளதைச் சொல்லு பிள்ளை' எண்டனீங்கள்."

"வேறை என்னத்தைச் சொல்ல? சொன்னால் நீ அவையளைக் காட்டிக் குடுத்திருப்பாய்."

அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்: "அண்டைக்கு அழுதனீங்கள், மாமா. அதாவது உண்மையோ?"

"உண்மையா அழுதனான். அழுகை வாற கதையைத்தானே பிள்ளை அவங்கள் நம்புவாங்கள்."

அந்த ஆள் என் முன்னால் நின்றிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இதை மறைத்து எழுத விருப்பமில்லை. உயிரோடு இருக்கும்போதே ஒருத்தியின் துக்கத்தை எடுத்து ஊருக்குப் பங்கு வைத்துவிட்டு, அவளையே கள்ளி என்று எழுதவும் விட்ட மனிதனை வேறென்ன செய்வது?

நாங்கள் திரும்பி வந்தபோது, கழகத்து அம்மையார் பிரபாலினிக்கும் மகளுக்கும் பக்கத்தில் நின்றார். கோசலாவைக் கண்டதும் கனிவோடு கேட்டார்: "நீங்களும் அந்த நாட்டிலிருந்தா வந்தீர்கள்? உங்கள் குடும்பத்திலும் இப்படி யாரையாவது இழந்தீர்களா?"

பிரபாலினி நிலத்தைப் பார்த்தாள். யாதவி கோசலாவின் முகத்தைப் பார்த்தாள். அழுது சிவந்த கண், தாயை நினைத்துப் பெருமைப்படும் பிள்ளை. உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வீடும் இல்லை, தாயும் இல்லை. தன் கதையை மட்டும் சொன்னால், இரண்டாவது தடவையும் அது பார்த்தெழுதியதாகத்தான் இருக்கும். நான் வாயைத் திறந்தேன். கோசலா என் கையை நெரித்தாள்.

"இல்லை, மதாம்," என்றாள் பிரெஞ்சில். "எனக்குத் தம்பி இருக்கவில்லை."

அம்மையார் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். நாங்கள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.

"மாமா அவனைக் களவெடுத்தார்," என்றாள் பிறகு. "நான் அவனை இல்லையெண்டே சொல்லிப்போட்டன், தர்மிகா."