மச்சாள் கோத்துவிட்ட சடைகள்

என் தலைமயிர் அப்பாவின் பக்கத்திலிருந்து வந்தது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அப்பா ஹெய்ட்டித் தீவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்க முன்பே அப்பா இறந்துபோனார். அம்மா என்னைத் தனியாக, தமிழிலேயே வளர்த்தார். அவரால் சமாளிக்க முடியாமல்போனது என் தலை ஒன்றைத்தான். சீப்பு உள்ளே போகாது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னுவார், நான் கத்துவேன், சில நாள் அவரும் சேர்ந்து அழுவார். கோயிலில் காணும் பெண்கள் என் தலையைத் தொட்டு, "பஞ்சு மாதிரிக் கிடக்கு" என்பார்கள். பாராட்டுகிறார்களா இல்லையா என்று எனக்கு விளங்கியதேயில்லை.

படிப்பு முடிந்து, மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் மாத்திரைகளைத் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மச்சாளோடு பழக்கம் வந்தது. அப்பாவின் தங்கையின் மகள். நகரத்துக்கு அடுத்த லவாலில் இருந்தாள். அப்பாவின் சொந்தத்தில் என்னைத் தேடி வந்தவள் அவள் ஒருத்திதான். வந்த முதல் நாளே என் தலையைப் பார்த்துச் சொன்னாள், "உன்ரை முடியிலை பிழையில்லை. அதோடை சண்டை பிடிக்கிறதுதான் பிழை." நாங்கள் பிரெஞ்சில்தான் கதைப்போம். எனக்குள் அது என் வீட்டுத் தமிழாகவே பதிந்திருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

அவள் அப்போதுதான் லொக்ஸ் போடப் படித்திருந்தாள். நூல் கயிறு மாதிரி மெல்லிய சடைகள், தலை முழுக்க நூற்றுக்கணக்கில். சனிக்கிழமையும் ஞாயிறும் அவளுடைய குசினிக் கதிரையில் இருந்து போட்டு முடித்தோம். எழும்பிக் கண்ணாடியில் பார்த்தபோது, அப்பாவின் படங்களில் இருக்கும் அதே நெற்றி எனக்கும் இருப்பது முதல்முதலாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "சாமியார் மாதிரி" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு சந்தோசம்.

அதன்பிறகு சில கிழமைக்கொரு தடவை மெட்ரோ ஏறி லவாலுக்குப் போவேன். வளர்ந்து தளர்ந்த வேர்களை அவள் ஒரு சின்னக் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்குவாள். அரைநாள் பிடிக்கும். அந்த அரைநாளும் அப்பாவின் கதை நடக்கும். கலியாண வீடுகளில் எப்படி ஆடுவார், தெருமுனையில் கேட்கிற அளவுக்கு எப்படிச் சிரிப்பார், தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தது, எல்லாம் தன் தாய் சொன்னதென்று சொல்வாள். அந்தத் தாயோடு எனக்கு அப்போது பழக்கமில்லை; அவற்றைச் சொல்ல வேறு யாரும் இருக்கவில்லை. அதனால் வலியைப் பெரிதாக எடுக்கவில்லை. வேரைச் சுற்றி அரிசி மாதிரி சிறு கொப்புளங்கள் வரும். இரண்டொரு நாள் தலையணையில் தலை வைக்க ஏலாது. "அப்பிடித்தான் இருக்கும். நல்லா இறுகியிருக்கெண்டதுக்கு அதுதான் அடையாளம்," என்பாள். நம்பினேன்.

ஒருநாள் நான் சோறு வடித்துக்கொண்டு நிற்க, அம்மா பின்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, உச்சியிலை தோல் தெரியுது."

"அது பிரிச்சிருக்கிற இடமம்மா."

"பிரிச்ச இடம் எனக்குத் தெரியாதே? இது வேறை."

"உங்களுக்கு இந்தத் தலை ஒருநாளும் பிடிக்கேல்லை."

அடுத்த முறை லவாலுக்குப் போனபோது மச்சாளிடம் கேட்டேன். அவள் விரலால் விலக்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் தோளில் தட்டி, "ஒண்டுமில்லை. உன்ரை அம்மாவுக்கு இந்த முடி விளங்காது" என்றாள். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தொழிற்சாலையில் எல்லோரும் தலைக்கு வலை போட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு மாலை வேலை முடிந்து வலையைக் கழற்றியபோது, அதற்குள் ஒரு முழுச் சடை கிடந்தது. இடையில் அறுந்ததல்ல. வேரோடு வந்திருந்தது. நுனியைவிட வேர்ப் பக்கம்தான் மெலிந்து, தையல் நூல் போல இருந்தது. பக்கத்தில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவள் சென்னையிலிருந்து படிக்க வந்து எங்களோடு வேலைக்குச் சேர்ந்த பெண். என் போனைக் கொடுத்து, தலையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துத் தரச் சொன்னேன். அவள் உடனே வாங்கவில்லை.

"அக்கா, ரொம்ப நாளா உங்ககிட்ட கேக்கணும்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்குவீங்களோன்னுதான் கேக்கல."

படத்தில் உச்சியில் உள்ளங்கையளவு இடம் வெளுத்துக் கிடந்தது. இடது காதுக்கு மேலே இன்னொன்று, அதில் ஒரு மயிர்கூட இல்லை. சுற்றியிருந்த சடைகளை அதன்மேல் படியும்படி யாரோ கவனமாக வளைத்து விட்டிருந்தார்கள். யாரோ என்று எழுதுகிறேன். அந்த நேரத்திலும் எனக்கு மச்சாளின் முகம் நினைவுக்கு வரவில்லை.

தோல் வைத்தியரைப் பார்க்கச் சில வாரங்கள் காத்திருந்தேன். நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் அவருடைய சிறிய அறை. வெளிச்சக் கருவியை வைத்துத் தலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உங்கள் தலையை யார் பராமரிக்கிறார்கள்?"

"என் மச்சாள்."

"அவர் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையா?"

"இல்லை."

எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ஒரு மெல்லிய வேரிலிருந்து மூன்று சடைகள் தொங்கின. வேருக்குச் சற்றுக் கீழே கறுப்பு நூல் சுற்றியிருந்தது. "இதில் ஒன்றுதான் இங்கே முளைத்தது. மற்ற இரண்டும் விழுந்த பிறகு இதோடு கோக்கப்பட்டவை. மூன்றின் பாரத்தையும் இந்த ஒரு வேர் தாங்குகிறது. அதனால் இதுவும் விழும்," என்றார். இப்படிப் பல இடங்களில் இருந்தன. தொடர்ந்து இழுபட்டதால் வந்த முடியுதிர்வு, போன மாதம் தொடங்கியதல்ல என்றார். உச்சியில் வேர்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, பாரத்தைக் குறைத்து இறுக்குவதை நிறுத்தினால் திரும்ப வரும். காதுக்கு மேலே தோல் மினுங்கத் தொடங்கிவிட்டது. "அங்கே நான் உங்களுக்கு நம்பிக்கை தரமாட்டேன்."

அங்கிருந்து நேரே லவாலுக்குப் போனேன். மச்சாள் இப்போது கடைத்தொகுதி ஒன்றில் சொந்தமாக ஓர் அறை எடுத்துத் தலையலங்காரக் கடை நடத்தினாள். உள்ளே போனதும் எதிர்ச் சுவரில் கடையின் விளம்பரமாக என் படம், ஆளுயரத்துக்கு. வலப்பக்கத்திலிருந்து எடுத்தது. அவள் என்னை எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் படம் எடுப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அறையில் வேறு யாரும் இல்லை. நான் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன்.

"எப்பயிலிருந்து தெரியும்?"

"என்ன?"

நான் திரும்பி நின்று காட்டினேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"போன வருசக் கோடைக்கு முதல்," என்றாள்.

"ஏன் சொல்லேல்லை?"

"முதல் ஒண்டுதான் விழுந்தது. கையோடை வந்திட்டுது. நீ உன்ரை அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் சொல்லிக்கொண்டே பக்கத்திலை இருந்ததோடை கோத்துவிட்டன். உனக்குத் தெரியேல்லை. பேந்து சொல்லுவம் எண்டு நினைச்சன். பேந்து இன்னும் விழுந்தது."

"அப்ப இறுக்கிறதையாவது குறைச்சிருக்கலாமே?"

"தளர விட்டால் வெறும் இடம் தெரிஞ்சிடும்." குனிந்துகொண்டு சொன்னாள். "இஞ்சை வாற ஆக்கள் உன்ரை தலையைப் பாத்துத்தான் வருகினம்."

"அம்மாவுக்கு விளங்காது எண்டு சொன்னாய்."

அவள் அழுதாள். நான் அழவில்லை. சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றச் சொன்னேன். "இண்டைக்கே கழட்டுறன்" என்றாள். கழற்றும்வரை நான் நிற்கவில்லை.

மெட்ரோவில் வரும்போது முடியைப் பற்றி நினைக்கவில்லை. அவள் சொன்ன கதைகளைப் பற்றியே நினைத்தேன். விழுந்த சடை தன் ஒரு கையில் இருக்க, அப்பா ஆற்றைக் கடந்த கதையைச் சொன்னவள் அவள். அந்தக் கதைகளில் எது உண்மை? என்னை அந்தக் கதிரையில் இருத்தி வைப்பதற்காக அவள் சொன்னது எது? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா சத்தமாச் சிரிப்பாரோ?"

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அவரோ? வாயைப் பொத்திக்கொண்டெல்லோ சிரிப்பார். முன்பல்லு ஒண்டு உடைஞ்சிருந்தது." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "தன்ரை ஆக்களோடை எப்பிடிச் சிரிச்சாரோ எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தக் கிழமை அம்மாதான் என் தலையைப் பார்த்தார். கோத்திருந்த நூல்களைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, விழுந்தவற்றைப் பிரித்தெடுத்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டே வந்தார். தட்டு நிரம்பி வழிந்தது. இத்தனையையும் நான் என் முடி என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். முழுவதையும் வழித்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "மிச்சம் இருக்கிறதை நீ விரும்பினால் வைச்சிரு. இறுக்காமல் வை," என்றார். அவருக்கு என் தலை பிடிக்கவில்லை என்று அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. உயிரோடு இருந்தவற்றை விரல் நீளத்துக்கு வெட்டிவிட்டோம். தலை காற்றாக லேசாகிவிட்டது. எத்தனையோ மாதங்களாக இருந்த கழுத்து வலி என் தலைப் பாரத்தால் வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வைத்தியர் தந்த திரவத்தைக் காலையும் மாலையும் பூசினேன். தொடக்கத்தில் முடி இன்னும் கொட்டியது. அப்படி நடக்கும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தும், தலையணையைப் பார்க்கப் பயமாக இருந்தது. குளிர்காலம் வந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பஸ்ஸில் எல்லோரும் தொப்பியோடுதான் இருந்தார்கள். என்னுடைய கம்பளித் தொப்பிக்குள் அம்மா பட்டுத்துணி வைத்துத் தைத்துத் தந்தார். பனி கரையும் காலத்தில் உச்சியில் கைவைத்தபோது ஏதோ மெத்தென்று பட்டது. பிறந்த குழந்தையின் தலையில் இருப்பது போன்ற பூனைமயிர். குளியலறையில் இருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்து, "ஓம், வந்திட்டுது" என்றார்.

இப்போது உச்சி மூடிவிட்டது. வேர்களை நானே, தண்ணீர் தொட்டு, விரலால் மட்டும் லேசாகத் திரிக்கிறேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை. காதுக்கு மேலே உள்ள இடம் அப்படியே இருக்கிறது.

புதுவருடத்தன்று ஹெய்ட்டிக்காரர் வீடுகளில் பூசணிக்காய் சூப் செய்வார்கள். மாமி, மச்சாளின் தாய், தானே போன் எடுத்துக் கூப்பிட்டார். மறுக்க மனம் வரவில்லை. கதவைத் திறந்தது மச்சாள். அவளுடைய கண் முதலில் என் தலைக்குத்தான் போனது. பழக்கத்தில் கையை நீட்டினாள். நான் ஓர் அடி பின்னால் போனேன்.

"வந்திருக்கு," என்றாள்.

"உச்சியிலை வந்திருக்கு. காதுக்கு மேலை வரேல்லை."

"இனி வராதோ?"

"வராது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார். போனோம். மச்சாள்தான் எல்லோருக்கும் சூப் ஊற்றினாள், எனக்கும். வாங்கிக் குடித்தேன். மாமியின் கைப்பக்குவம் நன்றாகவே இருந்தது. ஆனால் மச்சாளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கதிரைக்கு நான் போகவில்லை. மேசையின் மறு அந்தத்தில், முதுகைச் சுவரோடு வைத்துக்கொண்டு இருந்தேன்.