இருபத்தைந்தாம் நாள்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வாய்க்காலின் கடைமடையில், முப்பது வயல்காரர்கள் சேர்ந்த பாடசேகர சமிதி என்னும் உழவர் சங்கத்துக்கு மரகதம் தலைவரானது இந்த வருடம்தான். நெல்லோ உளுந்தோ, எல்லோரும் ஒன்றாகத்தான் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். முந்தைய தலைவர் பதினோரு வருடமும் தண்ணீர் வரும் தேதியை அடித்துச் சொன்னார். ஒரு தடவைகூட அந்தத் தேதியில் வந்ததில்லை. அதனால் அவர்மேல் யாருக்கும் நம்பிக்கை குறைந்ததுமில்லை.

மரகதம் முதல் கூட்டத்திலேயே, "தண்ணி எப்ப வரும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"அதைய எங்கூட்டு எருமையே சொல்லுமே, அம்மிணி" என்றார் வயல்காரர்களில் ஒருவரான சுப்பண்ணன்.

"சொல்லட்டுங்ண்ணா. எல்லார்த்துக்கும் எங்க கெணத்தடியில நாத்து உடறேன். இருபத்தஞ்சு நாளைக்குள்ள தண்ணி வந்தா நெல்லு. வரலீன்னா நாத்தை மடக்கி உழுதுட்டு உளுந்து. அதுக்கு மேல காத்திருந்தா மண்ணுல ஈரம் போயிரும், உளுந்துக்கும் வழியில்லீங்க."

இருபத்தைந்தாம் நாள் காலையிலும் வாய்க்கால் காய்ந்தே கிடந்தது. நாற்றோ கண்ணை எடுக்க முடியாத பச்சை. டிராக்டர் நாற்றங்கால் வரப்பேறும்போது சுப்பண்ணன் போனும் கையுமாக ஓடி வந்தார்.

"நாளைக்கு டேமைத் தொறக்கறாங்களாமா. ஒரு நாளு பொறு, அம்மிணி."

பொறுக்க மரகதத்துக்கும் ஆசைதான். முப்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நாளைக்கும் நாளைக்குன்னுதானுங்க சொல்லுவாங்க. ஓட்டுங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, நாற்றைப் பார்க்காமல் நின்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் முப்பது வயலிலும் உளுந்து விழுந்தது. முதலில் விதைத்து முடித்தவர் சுப்பண்ணன். மறுநாள் தண்ணீர் நிச்சயம் என்று அப்போதும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.